முதல் கம்ப்யூட்டர்: தோழியைக் கடைக்குக் கூட்டிப் போவதற்கு முன்

கும்பகோணத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் மனு, காலேஜ் புராஜெக்ட், ஜெராக்ஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அதன் ஜாதகமே தெரிந்திருக்கும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை. யார் வீட்டில் முதன்முதலாக வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான்: "எந்தக் கம்பெனி நல்லது?"

கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாக் கம்பெனியிலும் நல்ல மாடல் உண்டு, விலையைக் குறைப்பதற்கென்றே செய்த மாடலும் உண்டு. நான் முதலில் கேட்பது வேறு இரண்டு. இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? நடுவில் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவாய்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் கடையில் இருக்கிற பாதி மாடல்கள் தாமாகவே கழிந்துவிடும்.

என் பள்ளித் தோழி ஒருத்தி ப்ளவுஸ் தைக்கிறாள். வீட்டு முன்னறையில் கடை, பின்கட்டில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு. போனைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. "ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுடி" என்று வந்து நின்றாள். என்ன செய்யப் போகிறாய் என்றால் "எல்லாம்தான்" என்கிறாள். 'எல்லாம்' என்பவர்களிடம் மேற்கொண்டு கேட்டுப் பிரயோசனமில்லை. அவர்கள் வேலை செய்கிற இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும்.

உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடுகிறது. பழைய வாடிக்கையாளர் வந்தால் போன வருஷத்து அளவைத் தேடி நோட்டு நோட்டாகப் புரட்டுகிறாள். வாட்ஸ்அப்பில் வந்த டிசைன் படங்கள் குவிந்து போன் 'இடமில்லை' என்று கத்துகிறது. போன் திரை மேலேயே ட்ரேஸிங் பேப்பரை வைத்து ஆரி டிசைனை வரைகிறாள். வரையும்போது விரல் பட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. மகன் பிளஸ் டூ, அடுத்து காலேஜ் விண்ணப்பம். அவ்வளவுதான் அவளுடைய 'எல்லாம்'. அளவுகளை எக்செல்லில் ஏற்றிப் பெயரைத் தட்டித் தேட வேண்டும், படங்களைச் சேர்த்து வைக்க வேண்டும், டிசைனை நிஜ அளவில் பிரிண்ட் எடுக்க வேண்டும், பையன் படிக்க வேண்டும். இதில் எதற்கும் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ஐ7 ஆக இருக்கத் தேவையில்லை. கண்ணுக்குச் சுகமான பெரிய திரையும் கோப்பு வைக்க இடமும்தான் தேவை.

"நாளைக்கு என்ன ஆசை?" என்பதையும் கேட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் போட வேண்டும் என்று அவளுக்கு ஒரு கனவு இருக்கிறது. அந்த மிஷின்களுக்கு டிசைனை டி.எஸ்.டி. என்ற வகைக் கோப்பாகப் பென் டிரைவில் கொடுப்பார்கள். அதைத் தயாரிக்கும் வில்காம் போன்ற மென்பொருள் விண்டோஸுக்கானது. ஆகவே விண்டோஸ் என்று அங்கேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

உங்கள் ஆள் வேறாக இருக்கலாம். மளிகைக் கடைக்காரர் கணக்கு எழுத டேலி மென்பொருள் போட வேண்டுமென்றால் அவருக்கும் விண்டோஸ்தான். ஓய்வு பெற்ற வாத்தியாருக்குப் பேப்பர் படிக்கவும் பேரனோடு வீடியோ கால் பேசவும் மட்டும்தான் என்றால், அவருக்கு வேண்டியது பெரிய டேப்லட். அதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். வாங்கித் துணி போட்டு மூடி வைத்த கம்ப்யூட்டர்கள் நம் தெருக்களில் நிறைய.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம் என்பது என் கட்சி. புதிதாகக் கற்கிறவருக்கு முதல் மூன்று மாதம் எதுவுமே பிடிபடாது. 'ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு', 'எழுத்தெல்லாம் பெருசாயிடுச்சு', 'அளவு ஷீட் காணோம்' என்று தினம் ஒன்று வரும். அந்த நேரத்தில் ஓடி வருகிறவருக்கு எந்த சிஸ்டம் பழக்கமோ அதைத்தான் வாங்க வேண்டும். என் கடையிலேயே ஒரு பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் போட்டிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோழி வீட்டுக்கு நான் தினமும் போக முடியாது. போகக்கூடியவன் பக்கத்து வீட்டு பி.காம். பையன், அவனுக்கு விண்டோஸ்தான் தெரியும். பெங்களூரில் இருக்கும் மகள் மேக்கில் வேலை செய்கிறாள், ராத்திரி போனில் சொல்லிக்கொடுப்பாள் என்றால், அந்த அம்மாவுக்கு மேக்புக் ஏர் சரியான பொருள். குரோம்புக் மலிவாகக் கிடைக்கும், பிரவுசருக்குள்ளேயே எல்லா வேலையும் முடிகிறவருக்குச் சரி. டேலி, வில்காம் எல்லாம் அதில் ஏறாது.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

கடைக்காரரைக் கேட்டால் லேப்டாப் என்பார். எனக்கு டெஸ்க்டாப் மேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. அதே காசுக்கு வேகம் அதிகம். திரை கண் மட்டத்தில் நிற்கும். கீபோர்டு போனால் ஐந்நூறு ரூபாயோடு முடியும், லேப்டாப்பில் அது ஆயிரக்கணக்கில் இழுக்கும். அசெம்பிள் செய்தால் மதர்போர்டு, கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்., கோப்புகளை வைக்கிற எஸ்.எஸ்.டி. என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி. எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். சென்னையில் உறவு இருந்தால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் விசாரித்தாலே விலை நிலவரம் பிடிபடும். அங்கே வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் ஒன்றை மட்டும் பாருங்கள். பிராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், உதாரணமாக ஐ3-12100எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது. கொட்டேஷனில் விலை குறைவாகத் தெரிய இதைப் போட்டிருப்பார்கள்.

கரண்ட் விஷயத்தில் டெஸ்க்டாப்புக்குச் செலவு உண்டு. கோடையில் எங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று வேண்டும். அது பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கும்; வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்கத்தான் அந்த நேரம். அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற நேரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் 'யூ.பி.எஸ். மோடு' என்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் கரண்ட் மாறுகிற இடைவெளி குறைந்து, கம்ப்யூட்டர் அணையாமல் தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் சின்ன யூ.பி.எஸ்ஸில் செருகாதீர்கள். பிரிண்டர் சூடேறும்போது இழுக்கிற கரண்டை யூ.பி.எஸ். தாங்காது.

இத்தனை சொல்லியும் தோழிக்கு வாங்கியது லேப்டாப்தான். பகலில் முன்னறையில் அளவு பார்க்க வேண்டும், சாயங்காலம் பின்கட்டில் பிள்ளைகளுக்கு டிசைன் காட்ட வேண்டும், ராத்திரி பையன் மாடிக்குத் தூக்கிப் போவான். இடம் மாறுகிறது என்றால் வேறு பேச்சே இல்லை. ஆனால் தையல் கடையில் லேப்டாப்புக்கு ஓர் எதிரி உண்டு: நூல் தூசி. பெரும்பாலான மாடல்களில் காற்று உள்ளே போகும் துளை அடிப்பக்கத்தில் இருக்கிறது. வெட்டிய துணி மேல் வைத்தால் அடைத்துக்கொள்ளும், பிசிறு உள்ளே போய் ஃபேனில் சுற்றிக்கொள்ளும், மெஷின் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கித் தரையிலிருந்து உயர்த்தியாயிற்று. கூடவே வயர் உள்ள மவுஸ். டச்பேடில் இரண்டு விரல் வைத்து நகர்த்துவதெல்லாம் புதியவர்களுக்குப் பெரும் வதை. முதல் நாளே மவுஸைக் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆல்-இன்-ஒன் பார்க்க அழகு. திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கும். திரை போனால் எல்லாமும் ரிப்பேருக்குப் போகும். நான் சிபாரிசு செய்வதில்லை.

அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பது

தோழிக்கு இப்படித்தான் விளக்கினேன்: ரேம் என்பது உன் வெட்டு மேசை, எஸ்.எஸ்.டி. என்பது துணி அலமாரி. மேசை சின்னதாக இருந்தால் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்க முடியும். அலமாரி நிறைந்தால் புதுத் துணி வைக்க இடமில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை அவள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கூடப் போகிற நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் டிஸ்க். அட்டையில் எஸ்.எஸ்.டி. என்று இருக்க வேண்டும், முடிந்தால் அதிலேயே வேகமான என்.வி.எம்.இ. வகை. மலிவு மாடல்களில் வரும் மெதுவான 'இ.எம்.எம்.சி. 64 ஜி.பி.' என்றிருந்தால் பெட்டியைத் திரும்பத் தந்துவிடுங்கள். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்கிற குறைந்தபட்ச இடமே 64 ஜி.பி.தான். அப்டேட் வரும்போதெல்லாம் இடமில்லை என்று நிற்கும், புதியவர் தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து மூடி வைத்துவிடுவார். 512 ஜி.பி. இருந்தால் படங்களுக்குக் கவலையில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் அது 476 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. இந்தச் சண்டையை என் கடை வாசலில் நிறையத் தீர்த்து வைத்திருக்கிறேன்.

ரேம் 8 ஜி.பி.க்குக் கீழே வேண்டாம். 4 ஜி.பி.யில் விண்டோஸ் 11 ஏறும், ஆனால் குரோமில் நாலு பக்கம் திறந்ததும் முனகும். 16 வாங்க வசதி இருந்தால் நல்லது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடப்பதால் எல்லாருக்கும் அது கட்டுப்படியாகாது. அப்படியானால் 8 வாங்கி, பின்னால் சேர்க்க காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், வாங்கியதுதான் கடைசி வரைக்கும். கடைப் பையன் "போட்டுக்கலாம் மேடம்" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள். மாடல் எண்ணை வாங்கி, கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணுக்கான விவரப் பக்கத்தைப் போனிலேயே திறந்து பாருங்கள்.

பிராசசரில்தான் குழப்பம் அதிகம், ஏமாறுவதும் அங்கேதான். "ஐ3யைவிட ஐ5 நல்லது" என்பது பாதி உண்மை. எந்த வருஷத்து ஐ3, எந்த வருஷத்து ஐ5 என்று பார்க்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் நடுவே உள்ள கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இரண்டு எண்கள் (ஒன்பதாம் தலைமுறை வரை முதல் ஓர் எண் மட்டும்) தலைமுறையைச் சொல்லும். ஐ3-1115ஜி4 பதினொன்றாம் தலைமுறை, அதில் கோர், அதாவது வேலையைப் பிரித்துச் செய்கிற பகுதி, இரண்டு. ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை, கோர் ஆறு. இரண்டும் 'ஐ3' என்ற ஒரே ஸ்டிக்கரோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 2023 கடைசியிலிருந்து இன்டெல் அந்த 'ஐ'யையே எடுத்துவிட்டு, கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா என்று பெயர் வைக்கிறது. செலரான், பென்டியம் என்ற பெயர்களும் புது லேப்டாப்களிலிருந்து போய், வெறும் 'இன்டெல் பிராசசர் என்100' என்று வருகிறது. என்100 மோசமில்லை, நாலு கோர், யூடியூபுக்கும் எக்செல்லுக்கும் போதும். செலரான் என்4020 என்று பழைய சரக்கு இன்னும் தள்ளுபடியில் கிடந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டே கோர், பொறுமை பறந்துவிடும்.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யில் இன்னொரு சூட்சுமம். லேப்டாப்புக்கான ரைசன் 7000 வரிசையில் முதல் எண் அது வெளிவந்த வருஷத்தைக் குறிக்கும். உள்ளே இருக்கிற வடிவமைப்பு எது என்பதைச் சொல்வது மூன்றாவது எண். ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாவது எண் 2, அதாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, கோர் நாலு. 7530யூ என்றால் ஜென் 3, கோர் ஆறு. பத்து எண்தான் வித்தியாசம், பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 7320யூ, 7520யூ போட்ட லேப்டாப்களில் ரேமும் பற்றவைத்தே வரும். விலை உண்மையிலேயே குறைவாக இருந்து, 8 ஜி.பி. ரேமோடு வந்தால் புதியவருக்கு அதுவும் ஓடும். ரைசன் 5 என்ற பெயருக்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஹெச் என்று முடிகிற பிராசசர்கள் கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும். சூடு அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும். விடுங்கள்.

திரைக்கு வருவோம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அட்டையில் 'ஹெச்.டி.' என்று மட்டும் இருந்தால் 1366க்கு 768 புள்ளி, 'ஃபுல் ஹெச்.டி.' என்றால் 1920க்கு 1080. 15.6 அங்குலத் திரையில் இந்த வித்தியாசம் தமிழ் எழுத்தில் நன்றாகத் தெரியும். ண-வின் சுழி, மெய்யின் புள்ளி, ஈகாரத்தின் கொக்கி எல்லாம் குறைந்த திரையில் கரைந்துபோகும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது தலைவலி. கடையில் ஏதாவது தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து தோழியையே படிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்து, கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அது ஐ.பி.எஸ். (பக்கவாட்டிலிருந்தும் நிறம் மாறாத வகை) திரை இல்லை. வகுப்பில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து டிசைன் பார்க்கிற இடத்தில் அது உதவாது. அரக்குப் பட்டு ஒரு பக்கம் ரோஸாகத் தெரியும்.

கீபோர்டில் வலப்பக்கம் எண்களுக்குத் தனிப் பலகை இருந்தால் நல்லது. மார்பு 36, இடுப்பு 32, கை நீளம் பத்தரை என்று நாளெல்லாம் எண்ணாக அடிக்கிறவளுக்கு மேல் வரிசை எண்கள் போதாது. 15.6 அங்குல மாடல்களில் பெரும்பாலும் இருக்கும், 14இல் இருக்காது.

பழைய லேப்டாப் வாங்கலாமா

வாங்கலாம், ஆள் தெரிந்தால். கம்பெனிகள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக்கொடுத்த லாட்டிட்யூட், தின்க்பேட், எலைட்புக் வரிசை லேப்டாப்கள் கட்டுறுதியானவை. கீபோர்டும் புது மலிவு லேப்டாப்களைவிட நன்றாக இருக்கும். ஒரு கோடு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "ஆறாவது ஜெனரேஷன் ஐ7, பத்தாயிரம்தான், 11 போட்டுத் தரேன்" என்பார்கள். குறுக்கு வழியில் போட்டுத் தரவும் முடியும்; பின்னால் ஒரு அப்டேட்டில் நின்றால் கேட்க ஆளில்லை.

வாங்குமுன் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். பின்னது முன்னதில் பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். விண்டோஸ் தொடங்குமுன் ஓடுகிற பயாஸில் பாஸ்வேர்டு ஏதும் போட்டிருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பூட்டு உள்ளே இருந்தால் பிறகு அழுது பயனில்லை.

கல்லாவில் நிற்கும்போது

நான் எழுதுகிற இந்த நேரத்தில், மேலே சொன்ன கணக்கில் ஒரு புது லேப்டாப் நாற்பதாயிரத்தைச் சுற்றி நிற்கிறது. அதோடு நின்றுவிடாது. ஆண்ட்டி வைரஸ், மூன்று வருஷ எக்ஸ்டென்டட் வாரண்டி, ஆக்சிடென்டல் கவர், பை, ஸ்கிரீன் கார்டு என்று வரிசையாக நீட்டுவார்கள். ஆண்ட்டி வைரஸ் வேண்டாம். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும். வாரண்டி நீட்டிப்பு கம்பெனியே கொடுப்பதென்றால், நம் ஊரிலோ தஞ்சாவூரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, ஆள் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். கடை தன் பெயரில் தருகிற வாரண்டிக்கு நான் காசு கொடுப்பதில்லை.

பிரிண்டர் விஷயம். நான் பிரிண்ட் போட்டுப் பிழைக்கிறவள், என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நாலு தாள் எடுக்கிறவர் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். தினம் எடுக்கிறவருக்கு அதே பிரிண்டர் லாபம். தோழி மூன்று மாதம் என் கடைக்கே பென் டிரைவோடு வரட்டும், எவ்வளவு ஆகிறதென்று தெரிந்த பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் லேப்டாப் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரியும். டிஸ்ப்ளேயில் வைத்திருந்த பீஸ் என்றால் அங்கே வெளிப்பட்டுவிடும்.

இனி ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. "இங்கேயே செட் பண்ணித் தரேன்" என்று கடைப் பையன் தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு ஈமெயிலைப் போட்டு விண்டோஸைத் திறந்துவிடுவான். விடாதீர்கள். லேப்டாப்போடு ஆபீஸ் (எக்செல், வேர்டு அடங்கிய மென்பொருள்) இலவசமாக வந்திருந்தால் அது முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். புது மெஷின்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற என்கிரிப்ஷனும் பெரும்பாலும் தானாகவே போட்டிருக்கும். அதைத் திறக்கிற 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். ஒருநாள் சாவி கேட்டு நீலத் திரை வந்து நின்றால், தோழியின் அளவு நோட்டு முழுவதும் முகம் தெரியாத ஒருவனின் ஈமெயிலை நம்பிக் கிடக்கும். தோழியின் போன் எண்ணில், தோழியின் பெயரில் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை அளவு நோட்டின் பின்னட்டையில் எழுதவைத்தேன். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். மறந்துபோகிற ஆபத்துதான் அந்த வீட்டில் பெரிது.

ஆபீஸ் கூட வரவில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், அளவு ஷீட்டுக்கு அது தாராளம். பென் டிரைவில் 'கிராக்', அதாவது திருட்டு ஆபீஸ், போட்டுத் தருகிறேன் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் வாரம்

மவுஸ் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் பிடுங்கிச் செய்தால் ஐந்து நிமிஷத்தில் முடியும், அவர்களுக்கு ஒன்றும் வராது. மவுஸ் பழக சீட்டாட்டம் நல்ல வழி. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் சாலிடேர் வந்தபோதே, இழுத்து விடுகிற பழக்கம் ஜனங்களுக்கு வரட்டும் என்றுதான் சேர்த்தார்கள் என்பார்கள். என் தோழி இரண்டே நாளில் மவுஸில் தேறிவிட்டாள்; சீட்டாட்டத்தை நிறுத்தத்தான் சிரமப்பட்டாள்.

எழுத்து அளவை 125 சதவீதமாக ஏற்றிவிடுங்கள். தமிழ் கீபோர்டைச் சேர்த்துவிடுங்கள். 1999இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அதையே கற்றுக்கொள்வது நல்லது. என்னைப் போலப் பழைய டைப்ரைட்டர் வரிசையில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு பெரும்பாடு. அவசரத்துக்கு குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து மைக்கில் தமிழிலேயே பேசினால் எழுத்தாகிவிடும்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவைக் கவனியுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் அது தானாகவே மேலே ஏற்றத் தொடங்கும். இலவச இடம் 5 ஜி.பி.தான், டிசைன் படங்களிலேயே நிறைந்து, காசு கட்டு என்று நச்சரிக்கும். படங்களுக்கு மட்டும் அதை நிறுத்தி, அளவு ஷீட் மேலே போகட்டும் என்று விட்டேன். படங்களுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ். சனிக்கிழமைதோறும் நகல் எடுப்பது பையன் பொறுப்பு.

"மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்" என்று போன் வந்தால் வைத்துவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கவிடுகிற எனி டெஸ்க் மாதிரி எதையாவது இறக்கச் சொன்னால் நிச்சயம் திருடன்தான். காசு போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும். அந்த எண்ணைத் திரையோரத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

ஆரி டிசைன் பிரிண்டுக்கு ஒரு குறிப்பு, தையல்காரர் யாராவது இதைப் படித்தால் உதவும். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் டிசைன் சுருங்கியோ விரிந்தோ வரும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் வைக்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.தான். முதுகு டிசைன் அதைவிட அகலமென்றால் பி.டி.எஃப். ரீடரில் 'போஸ்டர்' என்ற வசதி உண்டு. இரண்டு மூன்று தாளில் பிரித்துத் தரும், ஒட்டிக்கொள்ளலாம். டிசைனின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். தாள் வெளியே வந்ததும் இன்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பின் குத்தத் தொடங்குங்கள்.